ஆயிரம் பொய் சொல்லி ஒரு டிஸ்க்

டில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்காத பொருள் என்று ஒன்றைச் சொல்வது கஷ்டம். முருங்கைக்காய், வாழை இலை, சேப்பங்கிழங்கு, நேந்திரங்காய், கருவாடு, அப்பளக் கட்டு, ஐஸில் புதைத்த மீன், வெளிநாட்டுச் சீஸ் என்று எல்லாம் குறுகலான சில சந்துகளுக்குள் அடக்கம். எதிர்ப்பக்கம் 1994-ல் டில்லி ஹாட் வந்தது. 2010-ல் வாசலுக்கே மெட்ரோ வந்தது. தலைநகரத்துத் தமிழர்களும் மலையாளிகளும் ஊர் ஞாபகம் வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற இடம் மட்டும் மாறவில்லை.

அங்கே கிடைக்காதது ஒன்று உண்டு. 40 ஜிபி ஐடிஇ ஹார்ட் டிஸ்க். மீன் மார்க்கெட்டில் போய் அதை யார் தேடுவார்கள் என்று கேட்கலாம். அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் 2023-ல் தேடினார். ஐ.என்.ஏ.வில் மட்டுமல்ல, டில்லி முழுக்க.

அவரிடம் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஜிஎஸ்டி வந்த 2017-ல் வாங்கியது பில் போடுவதற்கு. மற்றது 2005-ல் வாங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி, ஃபாக்ஸ்ப்ரோவில் யாரோ ஒரு பையன் எழுதிக் கொடுத்த டாஸ் புரோகிராம், பக்கத்தில் கரகரவென்று அச்சடிக்கும் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். மூன்றும் ஒரு நாள்கூடச் சண்டித்தனம் செய்ததில்லை. இந்தப் பழைய பெட்டியில் இருப்பது மாதக் கணக்கு. லட்சுமிபாய் நகர், நேதாஜி நகர், சரோஜினி நகர் அரசுக் குடியிருப்புகளிலிருந்து சாமான் வாங்கி, சம்பள நாளில் பணம் தரும் குடும்பங்களின் வரவு செலவு.

அந்தக் குடும்பங்களில் பல இப்போது பழைய விலாசத்தில் இல்லை. தெற்கு டில்லியின் அரசுக் குடியிருப்புகளை இடித்துவிட்டு உயரமாகக் கட்டும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2016-ல் அனுமதி கொடுத்தது. நேதாஜி நகரும் சரோஜினி நகரும் பட்டியலில் உண்டு. குவார்ட்டர்ஸ் காலியாகக் காலியாக வாடிக்கையாளர்கள் துவாரகாவுக்கும் நொய்டாவுக்கும், ரிட்டயரானவர்கள் சொந்த ஊருக்கும் போய்விட்டார்கள். சிலர் பாக்கி வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் கொடுத்த அட்வான்ஸை வாங்காமலே போனார்கள். இரண்டுக்கும் சாட்சி அந்த டிஸ்க் ஒன்றுதான். ஒரு நாள் காலை அது 'டக், டக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது.

"பாக்கி போனா போகட்டும் சார். அட்வான்ஸ் குடுத்தவா எப்பவாவது வந்து நின்னா, கணக்கு இல்லேன்னு எப்படிச் சொல்றது?" என்பது கடைக்காரர் கவலை.

ஐ.என்.ஏ.விலிருந்து பிங்க் லைனில் லாஜ்பத் நகர், அங்கே மாறி வயலட் லைனில் நேரு பிளேஸ். ஆசியாவின் பெரிய கம்ப்யூட்டர் சந்தைகளில் ஒன்றென்று டில்லிக்காரர்கள் பெருமைப்படும் இடம். கடை கடையாக அவருக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: "வோ தோ பந்த் ஹோ கயா." அந்த ரகம் உற்பத்தி நின்று பல வருடம் ஆகிவிட்டது. புதிதாக வேண்டுமென்றால் 1 டிபி இருக்கிறது. அவரிடம் இருந்ததைப்போல 25 மடங்கு. 'பெரிசாகத்தானே கொடுக்கிறார்கள், சந்தோஷமாக வாங்கிப் பொருத்த வேண்டியதுதானே' என்று தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பெரிய டிஸ்க் என்பது வரமல்ல, புரியாத விலாசம்.

இரண்டு ஆபீஸ், இரண்டு ஃபாரம்

ஹார்ட் டிஸ்க்கை ஓர் அரசுக் குடியிருப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். 512 பைட் தகவல் குடியிருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் செக்டர் என்று பெயர். வீட்டைக் கண்டுபிடிக்க ஆதியில் மூன்று எண்கள் இருந்தன. எந்த ப்ளாக், எத்தனையாவது மாடி, எத்தனையாவது கதவு. கம்ப்யூட்டர் பாஷையில் இவை சிலிண்டர், ஹெட், செக்டர். 1983-ல் ஐபிஎம் தன் பிசி எக்ஸ்டி மாடலில் வைத்த டிஸ்க் 10 எம்பி. அந்தக் குட்டிக் காலனிக்கு இந்த மூன்று எண்கள் தாராளமாகப் போதும்.

மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற ஆரம்பப் புரோகிராமிடம் ஒரு ஃபாரம் இருந்தது. அதில் ப்ளாக்குக்கு 1,024 வரை இடம், மாடிக்கு 256, கதவுக்கு 63. இதை மட்டும் நம்பினால் 8.4 ஜிபி வரை எட்டலாம். 1980-களின் நடுவில் ஐடிஇ முறை வந்தபோது டிஸ்க் தயாரித்தவர்கள் தங்கள் ஃபாரத்தைத் தனியாக அச்சடித்தார்கள். அதில் ப்ளாக்குக்கு 65,536, மாடிக்கு வெறும் 16, கதவுக்கு 255. இதை மட்டும் நம்பினால் 137 ஜிபி வரை எட்டலாம். அந்தக் காலத்தில் யாரும் கனவுகூடக் காணாத அளவு.

ஆனால் தகவல் போய்ச் சேர இரண்டு ஆபீஸிலும் கையெழுத்து வேண்டும். இரண்டு ஃபாரத்துக்கும் பொருந்துகிற விலாசம் மட்டும்தான் செல்லும். ஆகவே ப்ளாக்குக்குச் சின்ன எண்ணான 1,024. மாடிக்குச் சின்ன எண்ணான 16. கதவுக்குச் சின்ன எண்ணான 63. பெருக்கி, 512 பைட்டால் மறுபடி பெருக்கினால் 528 எம்பி. ஒருவர் 8 ஜிபிக்கு இடம் விட்டிருந்தார், இன்னொருவர் 137 ஜிபிக்கு இடம் விட்டிருந்தார்; இருவரும் சேர்ந்து உலகத்துக்குக் கொடுத்தது அரை ஜிபி. அரசாங்க ஆபீஸ்களில் நடையாய் நடந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

1990-களின் ஆரம்பத்தில் 528 எம்பியைத் தாண்டி டிஸ்க்குகள் வந்தபோது இந்தச் சுவர் முதலில் இடித்தது. தீர்வு என்ன? பொய். டிஸ்க்கில் 16 மாடிதான் உண்டு என்று ஐடிஇ ஃபாரம் சொல்லும். பயாஸ் அதை வாங்கி, ப்ளாக்கைக் குறைத்து மாடியை ஏற்றி, "255 மாடி இருக்கிறது" என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் சொல்லும். உண்மையில் எந்த டிஸ்க்குக்குள்ளும் 255 ஹெட் கிடையாது. பிரித்துப் பார்த்தால் இரண்டு, நாலு என்று விரல்விட்டு எண்ணலாம். எல்லாத் தடத்திலும் 63 செக்டர் என்பதும் பொய். வெளி வட்டம் பெரிது, அதில் அதிகம் இருக்கும். உள் வட்டத்தில் குறைவு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். பழைய சிஸ்டத்துக்கும் புது டிஸ்க்குக்கும் நடந்த கல்யாணம் எல்லாமே அப்படி நடந்ததுதான்.

பொய்யின் பலன் 8.4 ஜிபி வரை. அதன் பிறகு மூன்று எண் விலாசத்தையே கைவிட்டார்கள். ப்ளாக், மாடி எதுவும் வேண்டாம். காலனி முழுக்க ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே வரிசை எண். நியாயமான ஏற்பாடு. ஆனால் அந்த எண்ணை எழுத 28 பிட் மட்டும் ஒதுக்கினார்கள். 28 பிட்டில் எழுதக்கூடியது சுமார் 26 கோடியே 84 லட்சம் வீடு. அதாவது மறுபடியும் 137 ஜிபி.

நடுவில் வேறு சில்லறைச் சுவர்களும் உண்டு. டாஸ் காலத்து ஃபேட்-16 முறை 2 ஜிபிக்கு மேல் ஒரே பகுதியாக ஏற்காது. 1996-ல் விண்டோஸ் 95-ன் இரண்டாவது பதிப்போடு ஃபேட்-32 வந்துதான் அது தீர்ந்தது. 1990-களின் கடைசியில் சில பயாஸ்கள் 33.8 ஜிபியைத் தாண்டிய டிஸ்க்கைப் பார்த்ததும் திகைத்து அப்படியே நின்றுவிடும். டிஸ்க் கம்பெனிகள் கண்டுபிடித்த வைத்தியம் ஒரு சின்ன ஜம்பர். அதைச் செருகினால் டிஸ்க் தன்னை 32 ஜிபி என்று சொல்லிக்கொள்ளும். வயதைக் குறைத்துச் சொல்லும் மாப்பிள்ளை மாதிரி.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்தபோது 28 பிட் விலாசம்தான் அதற்குத் தெரியும். 48 பிட் விலாசம் 2002-ல் வந்த முதல் சர்வீஸ் பேக்கில் சேர்ந்தது. கையில் இருப்பது 2001-ன் ஒரிஜினல் சிடி என்றால், 1 டிபி டிஸ்க்கைப் பொருத்தினாலும் 137 ஜிபிதான் கண்ணில் படும். எக்ஸ்பி தன் கணக்கில் அதைச் சுமார் 128 என்று காட்டும். (கடையில் 1 டிபி என்று விற்பது திரையில் 931 ஜிபி என்று வருவதும் இதே சமாசாரம்தான். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. யாரும் ஏமாற்றவில்லை.)

கண்ணில் படாதது பெரிய ஆபத்தில்லை. கண்ணில் பட்டும் கை எட்டாததுதான் ஆபத்து. விண்டோஸ் 98-ல் இது நடக்கும். வேறொரு கம்ப்யூட்டரில் 500 ஜிபிக்கு ஒரே பகுதியாகப் பிரித்த டிஸ்க்கை அதில் மாட்டினால், முழு அளவும் இருப்பதாகவே காட்டும். ஆனால் 137 ஜிபியைத் தாண்டி எழுதப் போகும்போது விலாச எண் நிரம்பி, பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் போல சைபருக்குத் திரும்பிவிடும். புதுத் தகவல் போய் உட்காருவது டிஸ்க்கின் தொடக்கத்தில், ஏற்கெனவே குடியிருப்பவர் தலைமேல். அந்தத் தொடக்கத்தில்தான் டிஸ்க்கின் முழு விலாசப் புத்தகமும் இருக்கிறது. பல மாதம் நன்றாக ஓடிவிட்டு, ஒரு நாள் எல்லாம் காணாமல் போகும்.

கடைசிச் சுவர் 2.2 டிபி. பழைய முறையில் டிஸ்க்கைப் பிரிக்கும் அட்டவணை 32 பிட் எண்களால் ஆனது. அதற்கு மேலே போக ஜிபிடி என்ற புது அட்டவணை வேண்டும். சாதாரண 32 பிட் எக்ஸ்பிக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆகவே 3 டிபி, 4 டிபி டிஸ்க்குகளை எக்ஸ்பி பெட்டிக்கு வாங்குவது காசுக்குக் கேடு.

வாசல் மாறிய வீடு

அளவு மட்டும்தான் பிரச்னை என்றால் அதோடு போகும். இன்னும் இரண்டு உண்டு.

ஒன்று, செருகும் இடம். ஐடிஇ டிஸ்க்குக்குப் பட்டையான கேபிள். இப்போதைய சாட்டா டிஸ்க்குக்கு ஒல்லியான கேபிள். எக்ஸ்பி சிடியில் சாட்டாவின் ஏஎச்சிஐ முறைக்கு டிரைவர் கிடையாது. மாட்டிவிட்டு இன்ஸ்டால் செய்யப் போனால் நீலத் திரை வந்து 7பி என்று முடியும் ஒரு பிழை எண்ணைக் காட்டும். "எனக்கு டிஸ்க்கே தெரியவில்லை" என்பது அதன் அர்த்தம். ஆரம்பத்தில் எஃப்6 பட்டனை அமுக்கி ஃபிளாப்பியில் டிரைவரைக் கொடுக்கலாம். ஃபிளாப்பிக்கு எங்கே போவது? சுலப வழி, பயாஸ் மெனுவுக்குள் போய் சாட்டாவை ஐடிஇ மாதிரி நடிக்கச் சொல்லும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது. சாட்டா வாசலே இல்லாத பழைய மதர்போர்டு என்றால், இரண்டுக்கும் நடுவில் வைக்கும் கன்வர்ட்டர் அட்டை கிடைக்கிறது. இந்தப் பக்கம் சாட்டா, அந்தப் பக்கம் ஐடிஇ. அடுத்த பொய்.

இரண்டாவது, வீட்டின் அளவு. 512 பைட் வீடுகளைக் கட்டிக் கட்டி அலுத்துப்போன டிஸ்க் கம்பெனிகள் 2010-ஐ ஒட்டி 4,096 பைட் பங்களாக்களுக்கு மாறின. எட்டு பழைய வீடு சேர்ந்தால் ஒரு புது வீடு. ஆனால் எக்ஸ்பி போன்ற பழையவர்களுக்காக, வெளியில் இன்னமும் 512 பைட் வீடுகள் இருப்பதாகவே பெயர்ப் பலகை தொங்கவிட்டிருக்கிறார்கள். எக்ஸ்பி தன் முதல் பகுதியை 63-ம் எண் வீட்டிலிருந்து தொடங்கும். 63 எட்டால் வகுபடாது. ஆகவே எக்ஸ்பி சின்னதாக எழுத நினைக்கும் ஒவ்வொன்றும் இரண்டு பங்களாக்களுக்கு நடுச்சுவரில் போய் விழும். டிஸ்க் இரண்டையும் படித்து, திருத்தி, இரண்டையும் மறுபடி எழுதவேண்டும். வேலை நடக்கும், ஆமை வேகத்தில் நடக்கும். 'புது டிஸ்க் போட்டும் பழசைவிட மெதுவாக இருக்கிறதே' என்று நொந்துகொள்பவர்களில் பலருக்குக் காரணம் இந்த 63 தான். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் 2,048-ல் தொடங்குகிறது. அது எட்டால் சரியாக வகுபடும்.

ஐ.என்.ஏ. கடைக்காரருக்கு ஒரு மெக்கானிக் செய்து கொடுத்த வரிசை சொல்லத் தக்கது, ஏனென்றால் வரிசைதான் முக்கியம்.

முதலில் அவர் பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்யவே விடவில்லை. 'டக் டக்' என்று சத்தம் கேட்கும் டிஸ்க்குக்கு ஒவ்வொரு ஸ்டார்ட்டும் கடைசி ஸ்டார்ட்டாக இருக்கலாம். ரிப்பேர் செய்கிறேன் என்று செக்டிஸ்க்கை ஓட்டுவது, மூச்சு வாங்குபவரை மாடிப்படி ஏறச் சொல்வது. டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி அடாப்டர் மூலம் வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, ஃபாக்ஸ்ப்ரோ ஃபோல்டரை முதலில் எடுத்தார். பிறகுதான் மற்றவை. பதினெட்டு வருடக் கணக்கு மொத்தமும் 60 எம்பிகூட இல்லை. 1 டிபி டிஸ்க்கில் அது கடலில் கரைத்த பெருங்காயம்.

அடுத்து, புது டிஸ்க்கை அந்த மற்ற கம்ப்யூட்டரிலேயே வைத்து, பழைய அட்டவணை முறையில், 2,048-ம் எண்ணில் தொடங்கி வெறும் 40 ஜிபிக்கு ஒரு பகுதி பிரித்தார். மிச்சம் 900 ஜிபியை வெறுமனே விட்டுவிட்டார். கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "பாக்கி இடம் வீணாச்சே சார்" என்றார். வீண் இல்லை. 137 ஜிபிக்குள்ளேயே குடித்தனம் நடத்தினால் 28 பிட் சுவர் இருந்தாலும் இடிக்காது, எண் சுற்றித் தலையில் விழவும் செய்யாது. எட்டால் வகுபடும் இடத்தில் தொடங்கியதால் ஆமை வேகமும் இல்லை. கன்வர்ட்டர் அட்டை மூலம் பழைய பெட்டியில் மாட்டி, தயாராக இருந்த பகுதியில் எக்ஸ்பியைப் போட்டு, 2008-ல் வந்த மூன்றாவது சர்வீஸ் பேக்கையும் ஏற்றினார். ஃபாக்ஸ்ப்ரோ ஃபோல்டர் பழைய இடத்துக்குப் போனது. பிரிண்டர் கரகரத்தது.

'இவ்வளவு சிரமம் எதற்கு, புதுக் கம்ப்யூட்டரிலேயே அந்தப் புரோகிராமைப் போட்டுவிடலாமே' என்று கேட்டால், முடியாது. அது 16 பிட் டாஸ் புரோகிராம். 64 பிட் விண்டோஸ் எதுவும் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு ஒன்று இருந்தது, அதில் ஓடும். 2021-ல் வந்த விண்டோஸ் 11-ல் அந்தப் பதிப்பே கிடையாது.

பாங்க்கும் பலசரக்கும்

மளிகைக் கடைக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்கவேண்டாம். எக்ஸ்பிக்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8-ம் தேதி முடிந்தது. அதற்குப் பிறகும் நாடு முழுவதும் ஏராளமான ஏடிஎம்கள் எக்ஸ்பியிலேயே பணம் எண்ணிக்கொண்டிருந்தன. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ் உலகத்தைக் கலக்கியபோது, ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்கும் விதிவிலக்காக ஒரு ஒட்டுத் தையல் போட்டுக் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். 2018 ஜூன் 21-ல் ரிசர்வ் பாங்க் பாங்குகளுக்குக் கெடு விதித்தது. அந்த ஆண்டு செப்டம்பருக்குள் கால்வாசி, டிசம்பருக்குள் பாதி, அடுத்த மார்ச்சுக்குள் முக்கால்வாசி, 2019 ஜூன் 30-க்குள் எல்லா ஏடிஎம்களும் ஆதரவுள்ள ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறியாகவேண்டும். கோடிகளில் புரளும் பாங்குகளுக்கே ஆதரவு முடிந்து ஐந்து வருடம் தேவைப்பட்டது. கருவேப்பிலை விற்பவரைப் பார்த்து 'ஏன் இன்னும் மாறவில்லை' என்று கேட்பது நியாயமா?

இதில் ஒரு நியாயம் மறுபக்கமும் உண்டு. டிஸ்க் கம்பெனியோ மைக்ரோசாஃப்ட்டோ ஒவ்வொரு பழைய பெட்டிக்கும் முடிவில்லாமல் பொய் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. 512 பைட் வீடு என்ற நடிப்பே இத்தனை வருடம் நீடித்திருப்பது பெரிய விஷயம். ஆனால் பெட்டி நன்றாக ஓடும்போதே, புரோகிராம் சரியாக வேலை செய்யும்போதே, உதிரிப் பாகம் கிடைக்கவில்லை என்பதால் ஒரு பொருள் கிழடாகிவிடுகிறது. அம்பாசடர் வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். கார் என்றால் நம் மெக்கானிக்குகள் கரோல் பாக்கில் ஒரு பாகத்தைத் தேடிப் பிடித்து ராவிப் பொருத்திவிடுவார்கள். டிஸ்க்கின் விலாச முறையை ராவ முடியாது.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் அந்த நாள் வந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், குறிப்பிட்ட வரிசைக்குப் பிந்திய பிராசஸர் வேண்டும். 2015, 2016-ல் ஆசையாக வாங்கிய பல கம்ப்யூட்டர்கள் இதில் தேறாது. ஆக, இன்று எக்ஸ்பிக்காரர் படும் பாடு நாளை நம்மில் பலருக்கு. அதனால் கடைக்காரரின் அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய பெட்டியை வைத்துக்கொண்டே ஆகவேண்டும் என்றால், இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். கணக்குப் பார்க்க இன்டர்நெட் தேவையில்லை. ஆதரவு முடிந்த சிஸ்டத்தை வெளியுலகத்தோடு இணைப்பது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் நகையை வைப்பது. பென் டிரைவ் போட்டு எடுப்பதாக இருந்தால், எடுத்த தகவலைப் புதுக் கம்ப்யூட்டரில் வைரஸ் சோதனை செய்த பிறகே திறக்கவும்.

பெட்டியே வேண்டாம், உள்ளே இருக்கும் சிஸ்டம் போதும் என்றால், அதற்கும் வழி உண்டு. வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச சாஃப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரை உருவாக்கித் தரும். அதன் ஹார்ட் டிஸ்க் உண்மையில் ஒரு ஃபைல். 40 ஜிபி ஐடிஇ என்று நீங்கள் சொன்னால் அதுதான். எக்ஸ்பி மறுபேச்சில்லாமல் நம்பும். எந்த அளவுச் சுவரும் இடிக்காது. ஃபைலை வேறு டிஸ்க்குக்கு மாற்றினால் மொத்தக் கம்ப்யூட்டரும் இடம் மாறிவிடும். இதுவரை சொன்ன பொய்களிலேயே உத்தமமான பொய் இது. டாஸ் புரோகிராம் மட்டும் என்றால் டாஸ்பாக்ஸ் போதும். ஆனால் பழைய பிரிண்டர்களையும், பிரிண்டர் போர்ட்டில் செருகும் பூட்டுள்ள சாஃப்ட்வேர்களையும் ஒத்துழைக்க வைப்பது எளிதல்ல. மாறுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தகவலைப் புரோகிராமிலிருந்து பிரித்தெடுப்பது. ஃபாக்ஸ்ப்ரோவின் டிபிஎஃப் ஃபைல்களை இன்றைய லிப்ரே ஆபீஸ் அப்படியே திறக்கும். திறந்து, சாதாரண அட்டவணையாக ஒரு பிரதி வைத்துக்கொண்டால் புரோகிராமும் வேண்டாம், எக்ஸ்பியும் வேண்டாம். கடைக்காரர் அதையும் செய்துகொண்டார். பெயர், பழைய குவார்ட்டர்ஸ் எண், பாக்கி, அட்வான்ஸ் என்று நாலு பத்தியில் எல்லாம் வந்துவிட்டது. அட்வான்ஸ் இருந்த பெயர்களைத் தனியாக பிரிண்ட் எடுத்துக் கல்லாவில் வைத்திருக்கிறார்.

தமிழில் டைப் செய்தவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. யூனிகோடுக்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு இருந்தது. 1999-ல் டாம், டாப் என்று தமிழக அரசு தரப்படுத்திய பிறகும் பல கம்பெனிகளின் தனி எழுத்துருக்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்தக் காலத்துக் கல்யாணப் பத்திரிகை, சங்க மலர், அப்பா எழுதி வைத்த கட்டுரை எதுவானாலும், ஃபைலை மட்டும் காப்பாற்றினால் திறக்கும்போது பொம்மைகளும் கொக்கிகளும்தான் தெரியும். கூடவே எழுத்துரு ஃபோல்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் யூனிகோடுக்கு மாற்றி, ஒரு தடவை கண்ணால் படித்துச் சரிபார்த்து வையுங்கள்.

கல்யாணம் வரைதான் பொய் கைகொடுக்கும். அப்புறம் குடித்தனம் நடத்தவேண்டும். புது டிஸ்க்கும் ஒரு நாள் 'டக் டக்' என்னும். அதற்குத் தயாராக இருக்க வேண்டியது ஒன்றுதான்: காப்பி. தினம் காலையில் ஒன்று குடிப்பதை மறப்பதில்லை அல்லவா? மாதக் கடைசியில் ஒன்று எடுத்து, கடையில் இல்லாமல் வீட்டில் வையுங்கள்.